குடுவைச் செடி வளர்க்க முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பூச்சி தின்னும் செடியை வாங்கி வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன சாப்பாடு போடணும்?" என்பதுதான். எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தச் செடிகள் நம் வீடுகளில் பட்டினியால் சாவதில்லை, உப்புத் தண்ணீரால்தான் சாகின்றன.

இவை இயற்கையில் வளரும் இடங்களில் மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இலையைப் பொறியாக்கிப் பூச்சியைப் பிடிக்கின்றன. சத்தில்லாத மண்ணுக்கே பழகிய வேர் என்பதால், தண்ணீரில் கரைந்து வரும் உப்பை அதனால் தாங்க முடியாது. இலை நுனி கருகி, வளர்ச்சி நின்று, சில மாதங்களில் செடி போய்விடும்.

ஆகவே செடி வாங்கும் முன் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் முக்கினால் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும். இந்தச் செடிகளுக்கு அது லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 100 வரை போனால் சமாளிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஆக, நாம் குடிக்க நல்ல தண்ணீராக இருந்தாலும் இவற்றுக்கு அது ஆகாமல் போகலாம். காய்ச்சினாலும் துணியில் வடிகட்டினாலும் கரைந்த உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் சரிவரும். ஆனால் சுவைக்காகத் தாது உப்பு சேர்க்கும் இயந்திரமாக இருந்தால் அளந்து பார்த்தே ஊற்றுங்கள். கேன் தண்ணீருக்கும் இதே விதிதான். ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியேற்றும் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும். எல்லாவற்றிலும் உயர்ந்தது மழைநீர். முதல் சில நிமிட மழையில் மாடித் தூசி கழுவிப் போகட்டும், அதன் பிறகு பிடித்து, கொசு புகாத மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சேர்த்து வைத்தால் சில செடிகளுக்குக் கோடை வரை வரும்.

அடுத்தது எந்தச் செடி என்பது. படங்களில் பார்த்து எல்லாரும் ஆசைப்படுவது வீனஸ் ஃபிளைட்ராப். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்பில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது. ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம் குளிரில் உறங்கினால்தான் அடுத்த ஆண்டு வலுவாகத் துளிர்க்கும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தைரியமாக வளர்க்கலாம். சென்னை, மதுரை வெயிலில் அது ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகும். சமவெளியில் இருப்பவர்கள் முதல் செடியாக அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான யோசனை.

நமக்கு ஏற்றது நெப்பந்தஸ் எனும் குடுவைச் செடி. அதிலும் இனம் பார்க்க வேண்டும். உயர்ந்த மலைகளில் வளரும் இனங்களுக்கு இரவுக் குளிர் தேவை. அவை நம் கோடையில் நிற்காது. 'வென்ட்ராட்டா' என்ற கலப்பினம் வெயிலையும் வறண்ட காற்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தாழ்நிலத்து இனங்களான ரஃப்லேசியானா, ஆம்புல்லாரியா இரண்டும் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நன்றாக வரும். இந்தியாவின் ஒரே இயல் நெப்பந்தஸ் மேகாலயத்தின் காசியானா. அழிவின் விளிம்பில் இருப்பதால் அதற்குப் பன்னாட்டு வணிகத் தடை உண்டு. எந்தச் செடியானாலும் நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பக்கமே ஈரமான வெட்டவெளிகளில் டிரோசெரா எனும் இன்னொரு பூச்சி தின்னும் செடியின் இனங்கள் முளைக்கின்றன, நீலகிரிப் புல்வெளிகளிலும் உண்டு. அவற்றைப் பார்த்து ரசிக்கலாம், பிடுங்கி வரக் கூடாது.

செடி பார்சலில் வந்தால் பாதிக் குடுவைகள் காய்ந்திருக்கும். பதறாதீர்கள். முழுதும் பழுப்பானவற்றை மட்டும் வெட்டுங்கள். பச்சையாக உள்ள குடுவையில் திரவம் கொட்டியிருந்தால் கால் பங்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும்.

தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண் தொட்டியின் சுவரில் உப்பு படிந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். தோட்ட மண், செம்மண், மண்புழு உரம், பஞ்சகவ்யா எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஸ்பேக்னம் மாஸ் ஒரு பங்கு, கழுவிய பெர்லைட் ஒரு பங்கு, அதோடு ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டுகளோ கரித்துண்டுகளோ கொஞ்சம் சேருங்கள். கோகோபீட் மட்டுமே கிடைத்தால், ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்து, எண் நன்றாக இறங்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் படும் கிழக்குப் பார்த்த பால்கனி நல்ல இடம். மாடியானால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே தொங்கவிடுங்கள். ஏ.சி. அறை வேண்டாம், காற்று வறண்டுவிடும். நெப்பந்தஸ் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்; தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்தால் அழுகும். மேலிருந்து ஊற்றி வடியவிடுங்கள். டிரோசெராவுக்கும் ஃபிளைட்ராப்புக்கும் இது நேர்மாறு: அடித்தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கலாம்.

செடி ஊன்றிய பிறகு இலை நுனியைக் கவனியுங்கள். நரம்பு கம்பியாக நீண்டு கீழே தொங்கும். அதன் முனையில் கடுகளவு மொட்டு தோன்றி, மேல்நோக்கி வளைந்து, பல நாளில் மெல்ல உப்பும். மூடி இன்னும் ஒட்டியிருக்கும்போதே உள்ளே திரவம் ஊறத் தொடங்கிவிடும். மூடி திறந்ததும் வாயின் விளிம்பு நிறமேறி விரியும். அதில் சுரக்கும் தேனுக்கு எறும்பு வரும். விளிம்பு காய்ந்திருந்தால் நடந்து போய்விடும், ஈரம் பட்டிருந்தால் வழுக்கி உள்ளே விழும். மொட்டு கடுகளவிலேயே கருகினால் காற்றில் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். பக்கத்துச் செடிகளோடு நெருக்கி வையுங்கள். இலை பெரிதாகிக் குடுவையே வராவிட்டால், பெரும்பாலும் வெளிச்சம் போதாது, அல்லது யாரோ உரம் போட்டிருக்கிறார்கள்.

தீனி பற்றிக் கவலை வேண்டாம். வெளியில் இருக்கும் செடி தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும். இறைச்சித் துண்டு, சோறு, பால் போட்டால் குடுவை அழுகும். ஃபிளைட்ராப்பை விரலால் சீண்டுவதையும் குழந்தைகளிடம் சொல்லித் தடுங்கள். உள்ளிருக்கும் மெல்லிய முடிகளை ஏறக்குறைய 20 நொடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும். உள்ளே சிக்கியது மேலும் அசைந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். வீணாக மூடித் திறப்பது செடிக்குச் செலவு. ஒரு பொறி சில முறைகளுக்கு மேல் உழைக்காது.

மாவுப்பூச்சி வந்தால் மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். சோப்புக் கரைசல் தெளிக்க வேண்டாம்.

தண்டு நீண்டு கொடியாக ஓடத் தொடங்கினால் துண்டு வெட்டி நடலாம். இரண்டு, மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர ஸ்பேக்னம் மாஸில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள். புதுத் துளிர் விரிந்த பிறகு பையை ஒரேயடியாக எடுக்காமல், நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.