படித்த கல்லூரிக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா? முன்னாள் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறை வராந்தா முடியும் இடத்தில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் நிற்கிறது. வெள்ளிவிழாச் சந்திப்பின்போது எங்கள் வகுப்பு சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதற்கு மேலே பளிங்குக் கல்லில் நாற்பத்தோரு பெயர்கள், வாங்கிய பட்டங்களோடு. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். குழாயைச் சணல் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் நீல நிறக் கேன் ஒன்று, அதன்மேல் கவிழ்த்த டம்ளர்.

"ஃபில்டர் மாத்தணும் சார். அந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் அலுவலக உதவியாளர்.

கல்லில் எங்கள் பெயர்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. நாற்பத்தோரு பேரில் ஒருவருக்குக்கூட ஃபில்டர் ஞாபகம் வரவில்லை. இந்த வழிகாட்டி எங்களைப் போன்றவர்களுக்காக. ஊர்ப்பக்கம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு பேர் படிக்கிற ஒரு சின்ன கலை அறிவியல் கல்லூரியில் படித்து, இப்போது கையில் கொஞ்சம் காசு நிற்கிறவர்களுக்காக.

படி 1: உங்கள் கல்லூரி எந்த வகை?

அரசுக் கல்லூரி என்றால் கட்டடமும் சம்பளமும் அரசின் பொறுப்பு. முழுக்கச் சுயநிதிக் கல்லூரி என்றால் எல்லாமே மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது அரசு உதவிபெறும் கல்லூரி. பழைய சின்ன கல்லூரிகள் பல இந்த வகை. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும். அந்த இடம் காலியாகி, புதிய ஆள் வரும்வரை வகுப்பு எடுப்பவருக்கு நிர்வாகம்தான் தர வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

உதவிபெறும் பிரிவில் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அது நல்லதுதான். ஆனால் நூலகத்துக்கு ஆய்விதழ் வாங்க, ஆய்வகத்துக்கு ரசாயனம் வாங்க, களப்பயணத்துக்கு வண்டி பிடிக்க அங்கே காசு தங்குவதில்லை. வெளியிலிருந்து வரும் நன்கொடைக்கு நிஜமான வேலை இந்த இடுக்கில்தான்.

படி 2: முதல்வர் அறையைத் தாண்டிப் போங்கள்

முதல்வரிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் கருத்தரங்கக் கூடம் என்பார். அவர்மேல் தப்பில்லை. தேசிய தர மதிப்பீட்டுக் குழுவான நாக் மதிப்பிடுகிற வருடம் கூடம் கண்ணுக்குத் தெரியும். முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் அந்த மதிப்பீட்டில் ஓர் இடம் உண்டு. பல வருடம் மறந்திருந்த சங்கத்திலிருந்து திடீரென்று உங்களுக்கு போன் வந்தால் அதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். கோபப்படாமல் போய்விட்டு வாருங்கள்.

போனதும் அலுவலகக் கண்காணிப்பாளரைப் பாருங்கள், பிறகு நூலகரை, பிறகு விடுதிக் காப்பாளரை. நான் கேட்ட முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் கல்லூரியில் பிள்ளைகள் நின்றுபோவது சேர்க்கைக் கட்டணத்தால் அல்ல, தேர்வுக் கட்டணத்தால். செமஸ்டர்தோறும் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் கவுண்டர் முன்னால் சிலர் நிற்பார்கள், வரிசையில் சேர மாட்டார்கள். கட்டியவர்களின் பட்டியல் போகும்போது அவர்கள் பெயர் இருக்காது.

அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இவை பெரிய ஆறுதல். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இதில் அடங்காதவர் யார்? கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டு வரை படிக்கவைத்த குடும்பத்தின் பிள்ளை அடங்காது. இரண்டாம் ஆண்டு நடுவில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு வீட்டு நிலவரம் மாறிவிட்டிருக்கும், எந்தப் படிவத்திலும் அது ஏறியிருக்காது. கண்காணிப்பாளருக்கு இவர்கள் பெயர் மனப்பாடம்.

படி 3: எந்த உண்டியலில் போடுவது?

கொடுக்கும் பணம் மூன்றில் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். இந்த வருடமே செலவாகும் பணம். பொருளாகவோ கட்டடமாகவோ மாறும் பணம். வங்கியில் வைத்து வருமானத்தை மட்டும் எடுக்கும் மூலதன நிதி, அதாவது நாம் அறக்கட்டளை என்று பேச்சில் சொல்வது.

கட்டடம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. 1947 ஜூலை 3-ஆம் தேதி சென்னையில் ஒரு கூட்டத்தில், ஊர்ப்புறங்களில் கல்லூரி தொடங்கத் தனியார் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 11-ஆம் தேதி காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கிவிட்டது. அடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஒன்றுமில்லாத இடத்தில் சுவர்தான் முதலில் எழும்ப வேண்டும். சுவர் எழுந்து ஐம்பது வருடமான கல்லூரியில் இன்னொரு சுவர் கட்டிக்கொடுத்தால், அதற்கு வெள்ளையடிக்கும் செலவும் மின்கட்டணமும் கல்லூரியின் தலையில் ஏறும். பொருள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாகப் போட்டுக் கொடுங்கள். எங்கள் இயந்திரம் இதற்குச் சாட்சி.

மூலதன நிதியை வைத்தே ஒரு கல்லூரியை நடத்த முடியுமா என்று கேட்டால், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்ற சின்ன கல்லூரியைப் பார்க்கலாம். 1892-இலிருந்து அங்கே எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் ஏதாவது வேலை செய்ய வேண்டும். இதைச் சாத்தியமாக்கியது 1920-இல் அதன் அறங்காவலர்கள் போட்ட ஒரு விதி. உயிலில் இன்னதற்கென்று குறிப்பிடாமல் யார் எழுதிவைத்த பணமானாலும் அது மூலதன நிதிக்குத்தான் போகும், செலவுக்கு எடுக்கக்கூடாது. நூறு வருடமாகச் சேர்ந்த அந்தத் தொகை இன்று நூறு கோடி டாலருக்கு மேல். ஒரு கோடீஸ்வரர் வந்து செய்த காரியம் அல்ல இது.

படி 4: பென்சிலும் தாளும் எடுங்கள்

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் 1960-களில் ஒருவர் ஐநூறு ரூபாய் வைப்பு வைத்து ஏற்படுத்திய பரிசு இன்றும் வழங்கப்படுகிறது. ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, மாணவியை மேடைக்கு அழைத்து, உறையைக் கொடுத்தார்கள். உறைக்குள் முப்பத்தைந்து ரூபாய். அந்தப் பெண் அதைக் கேன்டீனில் வடையும் டீயுமாக மாற்றியதைப் பார்த்தேன். வைத்தவர் காலத்தில் அந்த வட்டிக்கு நல்ல புத்தகங்கள் நாலைந்து வாங்கியிருக்கலாம். அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் கதையும் இதுவே. பேச வருபவருக்குப் பொன்னாடை வாங்கினால் பஸ் கட்டணத்துக்குக் காசு இருக்காது.

காரணம், வட்டி முழுவதையும் வருடாவருடம் செலவழித்துவிட்டார்கள். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் பதினான்கு வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக நிதியின் சில ஆண்டுச் சராசரியில் நாலரை, ஐந்து சதவீதத்துக்குமேல் எடுப்பதில்லை. மிச்சம் முதலோடு சேர்ந்துகொள்ளும். நாமும் இதைச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய், ஏழு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 35,000. அதில் 22,500-ஐச் செலவுக்கு எடுத்து 12,500-ஐத் திரும்ப முதலில் போட வேண்டும். ஒரு செமஸ்டர் தேர்வுக் கட்டணம் 1,500 என்று வைத்துக்கொண்டால் பதினைந்து பேருக்கு ஒரு செமஸ்டர் கட்டலாம். இரண்டு செமஸ்டருக்கும் என்றால் ஏழு பேர்.

ஐந்து லட்சம் போட்டு ஏழே பேரா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் ஒரு வகுப்பிடம் பெரிய தொகை இல்லையென்றால் மூலதன நிதியை விட்டுவிட்டு, இந்த வருடமே செலவாகும் முதல் உண்டியலுக்குப் போகச் சொல்கிறேன். நாற்பது பேர் மாதம் இருநூறு போட்டால் வருடத்துக்கு 96,000. அதே கணக்கில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு செமஸ்டரும் முடிந்துவிடும்.

படி 5: எழுதிக் கொடுக்கும் தாள்

பணத்தைவிட இந்த ஒரு பக்கத் தாளுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்வீட் பிரையர் என்று ஒரு சின்ன மகளிர் கல்லூரி. இறந்துபோன மகளின் நினைவாக ஒரு தாய் எழுதிவைத்த உயிலால் 1901-இல் உருவானது. 2015 மார்ச் 3-ஆம் தேதி, இந்தக் கல்வியாண்டோடு மூடப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. வங்கியில் எட்டுக் கோடி டாலருக்கு மேல் இருந்தது! அதில் பெரும்பகுதி இன்னதற்கு மட்டும் என்று கொடையாளர்கள் கட்டிவைத்த பணம். சம்பளத்துக்கோ கூரைக்கோ தொட முடியாது. முன்னாள் மாணவிகள் வழக்குப் போட்டார்கள். ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது. அவர்கள் 1.2 கோடி டாலர் திரட்டித் தர வேண்டும். மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் 1.6 கோடி டாலர் நிதியின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவார். கோடை முடிவதற்குள் பணம் சேர்ந்தது, கல்லூரி இன்றும் நடக்கிறது. முன்னாள் மாணவிகள் கொண்டுவந்த காசு பாதி காப்பாற்றியது என்றால், அவிழ்த்துவிட்ட கட்டு மீதிப் பாதி.

நம்மூரிலேயே இதற்கு முந்தைய உதாரணம் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது அவர் உயில் முக்கியமாகக் கோயில் தருமங்களுக்காக எழுதப்பட்டது. அந்த உயில்மீதான வழக்கு நீதிமன்றத்தில் கிடந்து, சேர்ந்த உபரிப் பணத்தைக் கல்விக்குத் திருப்பி, பள்ளி தொடங்கும்போது 1842 ஆகிவிட்டது.

ஆகவே நோக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் கதவை ஆணியடிக்காதீர்கள். இப்படி எழுதலாம்: "இத்தொகையின் ஆண்டு வருமானத்தை, தேவையுள்ள இளங்கலை மாணவர்களின் தேர்வுக் கட்டணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். அத்தேவை இல்லாமல் போனால், அதற்கு நெருக்கமான வேறொரு மாணவர் நலத் தேவைக்கு நிர்வாகக் குழு எழுத்துமூலம் தீர்மானித்துப் பயன்படுத்தலாம்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூலதன நிதியாக வைக்கச் சொல்கிறீர்கள் என்றால் "மூலதன நிதிக்கு" என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் தணிக்கையில் நிற்காது. சாதி பெயரையோ ஊர் பெயரையோ தகுதியாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் வகுப்பிலேயே ஒருவர் வருவார். மறுத்துவிடுங்கள். தகுதியான ஆள் கிடைக்காத வருடம் பணம் சும்மா கிடக்கும்.

படி 6: ரசீதும் வரியும்

காசோலையோ வங்கி மாற்றமோ கல்லூரியின், அல்லது அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் போகட்டும். யாருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கும் வேண்டாம். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவு உண்டு, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது: இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை இருந்தாலும்தான். அதை வாங்கக் கல்லூரிக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு (எஃப்.சி.ஆர்.ஏ.) வேண்டும், பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். தெரியாமல் அனுப்பிவைத்தால் சிக்கல் கல்லூரிக்கு.

படி 7: கொடுத்த பிறகு

வருடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்குக் கேளுங்கள்: எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்குப் போனது, மிச்சம் எவ்வளவு. பயனாளிகளின் பெயர் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளை மேடையேற்றிச் சால்வையோடு போட்டோ எடுக்கவும் வேண்டாம். கொடுத்தவர் என்ற உரிமையில் தெரிந்த பையனுக்குச் சீட்டு, உறவுக்காரருக்கு வேலை என்று கேட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்ததைக் கல்லூரி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் இயந்திரத்துக்கு ஃபில்டர் போட்டாயிற்று. இப்போது மாதாந்திர வசூலில் "பராமரிப்பு" என்று ஒரு வரி இருக்கிறது, அலுவலகத்துக்கும் எந்தக் கணக்கு என்ற குழப்பம் இல்லை. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஆண்டு விழா அழைப்பிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியை போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய வாரம் காலை பத்து மணிக்குக் கவுண்டர் பக்கம் போய் நில்லுங்கள்.