நாற்பதில் நின்ற முள்

சென்ற ஆண்டு தேர்வு முடிந்த வாரத்தில் விடைத்தாள் கட்டைத் தூக்கியபோது கீழ் முதுகு பிடித்துக்கொண்டது. மாத்திரையில் ஒரு மாதம் ஓடியது. பிறகு கைப்பேசியில் காணொலி பார்த்துப் பிலாட்டீஸ் செய்தேன். மூன்றாம் நாள் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஜூனில் பள்ளி திறந்தால் எப்படி நிற்பது என்ற பயத்தோடுதான் இயன்முறை மருத்துவரிடம் போனேன்.

கால் மரத்துப்போகிறதா, பாதம் தளர்கிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று முதலில் கேட்டார். இவை இருந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எனக்கு இல்லை.

"வீட்டில செஞ்சதைச் செஞ்சு காட்டுங்க டீச்சர்" என்றார். மல்லாந்து படுத்து இரு கால்களையும் தூக்கினேன். அவர் நிறுத்தி, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மடித்து இடுப்புக்கு மேலே முதுகின் வளைவில் வைத்து, 40 வரை காற்றடித்தார். "ஒரு குதிகாலை மட்டும் மெல்ல நீட்டுங்க. முள் அசையக் கூடாது." முள் தாவியது. இரு கால்களைத் தூக்கியவளுக்கு ஒரு குதிகாலை நகர்த்தத் தெரியவில்லை!

இடுப்பைச் சுற்றிப் பட்டைபோல் குறுக்கு வயிற்றுத் தசை இருக்கிறது. கைகால் அசையும்போது முதுகெலும்பை நிலையாக வைக்கும் தசைகளில் இதுவும் ஒன்று. மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை லேசாக உள்ளே இழுத்தால் அது வேலை செய்யும். நான் மூச்சை அடக்கி வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டக் காணொலியால் முடியாது.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர், சிறுவயதில் நோயாளி. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் காவல் முகாமில் இருந்தார். பின்னர் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கண்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. அவருடைய மூலப் பயிற்சிகளில் பல, வலியுள்ள முதுகுக்குக் கடினமானவை. இயன்முறை மருத்துவர்கள் அவற்றைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துத் தருகிறார்கள். பெருக்கல் வராத குழந்தைக்கு நாம் கூட்டலிலிருந்து தொடங்குவதில்லையா, அதுபோல.

எனக்கு முதல் இரண்டு வாரமும் குதிகால் நீட்டல்தான். சலிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் முள் 40-இல் நின்றது. அன்றுதான் ஒரு காலைத் தூக்க அனுமதித்தார். பாலம்போல் இடுப்பை உயர்த்துவது அதற்கும் பிறகு.

ஜூலையில் ஏழாம் வகுப்பில் தசைகளைப் பற்றிப் பேசும்போது, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே இரு விரல்களை வைத்து இருமச் சொன்னேன். "டீச்சர், உள்ளே இருந்து தள்ளுது!" என்றாள் ஒரு மாணவி. இப்போது மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுங்கள் என்றேன். தள்ளாமல் இறுகுவதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விடைத்தாள் கட்டை இப்போது இரண்டாகப் பிரித்துத்தான் எடுத்துச் செல்கிறேன்.