பட்டியலும் படமும்

கல்லூரிக் கூடங்களிலும் பழைய மாணவர் இல்லங்களிலும் தொங்கும் குழுப்படங்களை இரண்டு வகையான அழிவு பற்றுகின்றது. கடதாசி மஞ்சளித்து, செல்லரித்து, மாரிகாலத்து ஈரத்திற் கண்ணாடியோடு ஒட்டிப்போவது ஒன்று. படம் தெளிவாகவே இருக்க, பின்வரிசையில் இடமிருந்து மூன்றாமவராய் நிற்கும் இளைஞர் யாவர் என்று சொல்லவல்லார் ஒருவரும் இல்லாமற் போவது மற்றையது. முன்னையதைக் கண்டு நாம் பதறுகின்றோம். பின்னையது ஓசையின்றி நிகழ்வதால் அதனை அழிவென்றே எண்ணுவதில்லை. ஆயின் பெயரையும் ஆண்டையும் இழந்த குழுப்படம், எவரோ சிலர் வெயிலிற் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றனர் என்பதற்கு அன்றி வேறெதற்கும் சான்றாகாது.

முதலாவது அழிவுக்கு ஸ்கானர் என்னுங் கருவி மருந்தாயிற்று. நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமுங் கொண்ட படமொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பதிந்தால் 2,400க்கு 3,600 ஆக, ஏறத்தாழ 86 இலட்சம் புள்ளிகள் கிடைக்கின்றன. நிறத்தோடு, சுருக்காமற் சேமிப்பின் ஒரு படம் 26 மெகாபைற் அளவினதாகும். ஆயிரம் படங்கள் 26 கிகாபைற். இன்று சட்டைப் பையில் அடங்கும் தட்டொன்றிலே அவை ஒரு மூலையிற் கிடக்கும். இவ்வளவு செய்தபின் கடமை முடிந்ததென்று அமைந்துவிடுவது பெருவழக்கு. அங்ஙனம் அமைந்துவிட்டால், அலுமாரியிலே பெயரின்றிக் கிடந்த பெட்டி கணினியிலே பெயரின்றிக் கிடக்கின்றது என்பதே கண்ட பயன். இரண்டாவது அழிவைத் தடுக்க வல்லது பட்டியல். அதனை அமைக்கும் முறையையும், அதனுட் படங்களை ஏற்றும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

இப்பணிக்கென மென்பொருள்கள் பல உள. அடோபி நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்டதும், 2017 முதல் லைற்றூம் கிளாசிக் என வழங்குவதுமான மென்பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்கு வாடகை கட்டல் வேண்டும். பணம் செலவிட விரும்பாதார்க்கு டிஜிகாம் என்பது இலவசமாகக் கிடைக்கின்றது. பொத்தான்களின் இடம் வேறுபடினும் கீழே கூறப்படும் நெறிகளுட் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும்.

முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டியது யாதெனின், இம்மென்பொருளின் பட்டியல் படங்களைத் தன்னுள்ளே வைத்திருப்பதில்லை என்பதாம். நூலகத்து அட்டைப் பெட்டியை நினைவு கூர்க. அட்டையிலே நூலின் பெயரும், ஆசிரியர் பெயரும், அது இருக்குந் தட்டின் இலக்கமும் உள; நூல் தட்டிலே இருக்கின்றது. அவ்வாறே பட்டியற் கோப்பிலே படம் எக்கோப்புறையில் உளது, என்று எடுக்கப்பட்டது, யார் யார் நிற்கின்றனர், ஒளியிலும் நிறத்திலும் நாம் செய்த திருத்தங்கள் யாவை என்பனவே எழுதப்பட்டிருக்கும். படம் தன் கோப்புறையிலேயே இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதார், ‘மென்பொருளில் ஏற்றிவிட்டோமே, இனி மூலக்கோப்பு எதற்கு?’ என்று வன்றட்டிலிருந்த படங்களை நீக்கிவிடுகின்றனர். எஞ்சுவது தட்டில் நூலில்லாத அட்டைப் பெட்டி.

பட்டியல் ஒன்றா, பலவா என்னும் வினா அடுத்து எழும். ஆண்டுக்கொன்றாக, அல்லது விளையாட்டுக்கொன்று விழாவுக்கொன்றாக வகுத்தல் ஒழுங்கெனத் தோன்றும். நமது கருத்து அஃதன்று. இம்மென்பொருள் ஒருபொழுதில் ஒரு பட்டியலையே திறக்கும். ஒன்றைத் திறந்துகொண்டு மற்றொன்றினுள் தேடவியலாது. 1962இல் துடுப்பாட்ட அணியில் நின்ற மாணவர் பின்னர் ஆசிரியராகித் திரும்பி வந்து, பரிசளிப்பு விழாப் படத்திலும் நிற்கக்கூடுமன்றோ? அவ்விரண்டையும் ஒரு தேடலிற் காண்பதற்கன்றோ பட்டியல் செய்கின்றோம்? ஆதலின் கல்லூரிக்கு ஒரு பட்டியலே போதும். தம் குடும்பப் படங்களை அதனோடு கலவாது வேறு வைத்துக்கொள்க.

பட்டியற் கோப்பு கணினியின் உள்வன்றட்டில் இருத்தல் நன்று. அப்பொழுதே விரைந்து திறக்கும். வலையமைப்பிற் பலர் பகிரும் தட்டில் வைத்து அதனைத் திறக்க லைற்றூம் இடந்தராது. படங்களோ அளவிற் பெரியனவாதலின் வெளித்தட்டில் இருக்கலாம். ஆயின் அனைத்தும் ஒரு தலைக்கோப்புறையின் கீழ் அமைதல் வேண்டும். பின்னொருநாள் தட்டு மாறினால் அவ்வொன்றைச் சுட்டிக்காட்டினாற் போதும். தலைக்கோப்புறையின் கீழே ஆண்டுகள். ஆண்டின் கீழே நிகழ்ச்சிகள். நிகழ்ச்சியின் பெயருக்கு முன் ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் இலக்கமிடின் அவை தாமே காலவரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதும் நமது வழக்கம் கடிதத்துக்கு ஏற்றது, கோப்புறைக்கு ஏற்றதன்று.

இனிப் படம் ஏற்றுதல். ஏற்றும் பலகணியைத் திறந்தால் இடப்புறத்தே படம் வரும் இடமும், வலப்புறத்தே அது சேரும் இடமும், மேலே நான்கு வழிகளுங் காணப்படும். டி.என்.ஜி. என்னும் வடிவுக்கு மாற்றிப் பிரதி செய்தல், உள்ளவாறே பிரதி செய்தல், பெயர்த்து வைத்தல், இருந்த இடத்திலேயே விட்டுப் பட்டியலிற் சேர்த்தல் என்பன அந்நான்கு. முதலாவது, கமரா தரும் செப்பமிடாத மூலக்கோப்புகளுக்கு உரியது. நமது ஸ்கான் படங்களுக்கு வேண்டியதன்று. கமராவின் அட்டையிலிருந்து எடுக்கும்போது பிரதி செய்தலே முறை. முன்னரே மேற்கூறியவாறு ஒழுங்குபடுத்தி வைத்த கோப்புறைகளாயின் நான்காவது வழியே சிறந்தது. பெயர்த்து வைத்தலை நாம் எவர்க்கும் விதந்துரையோம். பெயர்க்கும் வேளையில் மின்சாரம் நின்றால் எப்படம் எங்கே நின்றதென்று தேடி அலைவானேன்?

அதே பலகணியில் ‘இரட்டிப்பெனத் தோன்றுவனவற்றை ஏற்றாதே’ என்றொரு கட்டளை உண்டு. அதனை இட்டுவைத்தல் நன்றே. எனினும் அதன் அறிவு எத்துணையது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கோப்பின் முதற்பெயர், படம் எடுத்த நாளும் நேரமும், கோப்பின் அளவு ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் மாத்திரமே அது இரட்டிப்பென்று கொள்ளும். ஒரே குழுப்படத்தின் இரு பிரதிகளை இரண்டு வீடுகளில் இருவர் ஸ்கான் செய்திருப்பின் அவை அதன் கணக்கில் இரு வேறு படங்கள்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பும் படங்களிலே இத்தொல்லை மிகுதி. அவை பெரும்பாலும் வட்ஸ்அப் வழியே வருகின்றன. அவ்வழி சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்படுகின்றது. எடுத்த நாள் முதலாகக் கமரா உள்ளே எழுதிவைத்த விவரங்களும் களையப்படுகின்றன. கோப்பின் பெயரும் மாறுகின்றது. ஆதலின் அனுப்பும் அன்பர்கள் அதனைப் படமாக அன்றி ஆவணமாக இணைத்து அனுப்புதல் வேண்டும். அப்பொழுது மூலக்கோப்பு மாறாமல் வந்து சேரும். இஃது ஒரு நொடி வேலை. இம்மலரைக் கையில் எடுத்த அயல்நாட்டு அன்பர்கள் பிறவற்றை மறப்பினும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

ஏற்றும்பொழுதே அத்தொகுதிக்கெல்லாம் பொதுவான சொற்களை ஒருமுறை எழுதினாற் போதும்; ஒவ்வொரு படத்தோடும் அவை சேர்ந்துவிடும். இதன் பயனைப் பெறவேண்டுமாயின் ஒருமுறைக்கு ஒரு நிகழ்ச்சியின் படங்களையே ஏற்றுதல் வேண்டும். ஆயிரத்தையும் அள்ளி ஒருங்கே கொட்டுவார், பின்னர் ஆயிரத்துக்கும் தனித்தனியே சொல் எழுதும் வேலையைத் தாமே தேடிக்கொள்கின்றனர்.

இச்சொற்களைத் தெரிவதிலேதான் பட்டியலின் உயிர் உளது. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள், 1933இல் வெளியிட்ட தம் பகுப்புமுறையிலே ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காது, பொருள், இடம், காலம் முதலாய பல முகங்களால் நோக்கிக் குறியிடும் வழியை வகுத்தார். நூலுக்குச் சொன்ன அந்நெறி படத்துக்கும் அப்படியே பொருந்தும். கோப்புறை ஒரு முகத்தையே காட்டும்; படம் ஓரிடத்திலன்றி ஈரிடத்தில் இராது. குறிச்சொற்களோ ஆள், நிகழ்ச்சி, இடம், காலம் என நான்கு முகங்களையுங் காட்டும். இந்நான்கையும் தலைச்சொற்களாக வைத்து, ஏனையவற்றை அவற்றின் கீழ் அடுக்குக.

எழுத்தொழுங்கு பேணப்படல் வேண்டும். ஒருவர் ‘பரிசளிப்பு விழா’ என்றும், மற்றொருவர் ‘பரிசுத்தினம்’ என்றும், மூன்றாமவர் ஆங்கிலத்திலும் எழுதினால் விழா மூன்றாய்ப் பிரிந்துபோம். ஆட்பெயர்களில் இவ்வில்லங்கம் இன்னும் பெரிது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தமிழிற் போடுவதும் ஆங்கிலத்திற் போடுவதும், பட்டம் முன்வருவதும் பின்வருவதும், பாடசாலை நாளில் ஒரு பெயரும் பின்னர் வேறு பெயருமாக வழங்குவதும் நம்மிடையே இயல்பு. பெயருக்கு ஒரு வடிவத்தைத் தலையாகக் கொண்டு, ஏனைய வடிவங்களை அக்குறிச்சொல்லின் ஒத்தசொற்களாக எழுத லைற்றூமில் இடமுண்டு. மாணவர் ஒருவரிடம் இப்பெயரேட்டை ஒப்படைத்து, அவரைக் கேளாது புதுப்பெயர் சேர்க்கலாகாதென்று விதித்தல் தகும்.

முகங்களை ஒப்புநோக்கி ஒன்றுசேர்க்கும் வசதி 2015 முதல் இம்மென்பொருளில் உண்டு. இவரும் அவரும் ஒருவரே என்று அது சொல்லக்கூடும். இவர் யாரென்று நாம் சொல்லாத வரை சொல்லாது.

குழுப்படத்துக்குக் குறிச்சொல் மாத்திரம் போதாது. இருபது பெயர்களைக் குறித்துவிட்டால் இருபதின்மர் உளர் என்பது தெரியும். எவர் எங்கே என்பது தெரியாது. விளக்கக் குறிப்பு எழுதும் இடத்திலே, நமது பழைய மலர்களில் அச்சிட்டவாறே ‘இருப்போர், இடமிருந்து வலம்’ எனவும், ‘நிற்போர், முதல் வரிசை’ எனவும் முழுமையாக எழுதுக. பெயர் அறியாத இடத்தை விட்டுவிடாது, ‘பெயர் தெரியாதவர்’ என்று அவ்விடத்திலேயே இடுக. ஒருவரை விட்டால் அவருக்கு வலப்புறத்தே நிற்போர் அனைவரும் ஒருபடி இடம்பெயர்ந்து பிறர் பெயரைச் சூடிக்கொள்வர். படத்தின் பின்புறத்தையும் ஸ்கான் செய்க. பென்சிலால் எழுதிய ஆண்டும், படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையும் அங்கேதான் உள. முன்னும் பின்னுமான இரண்டையும் பட்டியலில் ஓர் அடுக்காகக் கட்டி வைக்கலாம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கான் செய்த படத்துக்கு மென்பொருள் காட்டும் நாள் பெரும்பாலும் ஸ்கான் செய்த நாளேயாம். 1958ஆம் ஆண்டின் உதைபந்தாட்ட அணி சென்ற மாதம் ஆடியதாக நிற்கும். எடுத்த நாளைத் திருத்தும் வசதி உண்டு. நாள் உறுதியாயின் திருத்துக. உறுதியில்லையாயின் 1958 சனவரி முதலாந் திகதி என்று ஒன்றைப் புனைந்து இடற்க. இன்றைய ஊகம் நாளை சான்றாக எடுத்தாளப்படும். ‘1950கள்’ என்று குறிச்சொல்லில் இட்டு, அவ்வாறு கொண்டதன் காரணத்தை — பின்னே தெரியும் கட்டடமோ, படத்திலுள்ள அதிபரோ, எதுவாயினும் — குறிப்பிலே எழுதுக.

இத்துணை உழைப்பும் பட்டியற் கோப்பு ஒன்றினுள்ளேயே தங்கியிருத்தல் நன்றன்று. மென்பொருள்களும் மாய்வன. கூகிள் நிறுவனத்தின் பிக்காசாவை எத்தனையோ குடும்பங்கள் நம்பியிருந்தன. 2016இல் அது கைவிடப்பட்டது. அப்பிள் நிறுவனத்தின் அப்பேர்ச்சர் 2005இல் தோன்றி, 2015இல் விற்பனையினின்றும் நீங்கிற்று. எனவே பெயர்களையும் குறிப்புகளையும் படக்கோப்பினுள்ளேயே எழுதுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடல் வேண்டும். ஜேபெக், டிஃப் ஆகிய வடிவங்களில் அவை கோப்பினுள்ளேயே பதியும்; கமராவின் மூலக்கோப்பாயின் அருகே ஒரு சிறு துணைக்கோப்பாய் நிற்கும். நாளை வேறொரு மென்பொருள் வந்தாலும் அப்பெயர்களைப் படித்துக்கொள்ளும்.

காப்புப் பிரதியிலும் மேற்சொன்ன வேறுபாட்டை நினைக. மென்பொருளை மூடும்போது ‘காப்புப் பிரதி எடுக்கவோ?’ என்று அது கேட்பது பட்டியலைப் பற்றியே. படங்களை அது தொடாது. படங்களை நாமே வேறு தட்டிற் பிரதி செய்தல் வேண்டும். பட்டியலும் படங்களுமாக மூன்று பிரதிகள், அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில், என்பது இத்துறையோர் கொண்ட வழக்கு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படி இருந்த நூல்களைப் பின்னர் தேடிப் பெறலாயிற்று. படியில்லாத ஏடுகளை எவராலும் மீட்கவியலவில்லை. வேற்றூர்ப் பிரதி எதற்கென்று நம்மவர்க்கு இதனினும் விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல்கடந்த பழைய மாணவர் கிளை ஒன்று தட்டொன்றை ஏற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து வைப்பின் அக்குறை தீரும்.

இறுதியாக, ‘பெயர் தெரியாதவர்’ என்னுஞ் சொல்லையும் ஒரு குறிச்சொல்லாக்கி வைத்திருத்தல் வேண்டும். அச்சொல்லைத் தேடினால் பெயர் வேண்டிநிற்கும் படங்கள் அனைத்தும் ஒருங்கே தோன்றும். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னர் அவற்றைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலையின் மேலும் இலக்கமிட்டு, மண்டப வாயிலில் ஒரு மேசையிற் பரப்பி, அருகே பென்சிலுடன் இரண்டு மாணவரை இருத்துக. எண்பதைக் கடந்த பழைய மாணவர்க்கு முதலில் நாற்காலி கொடுக்க.