வில்லங்கச் சான்றில் ஏறாத பாக்கி

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் நிலமோ வீடோ கிரயம் வாங்க நினைக்கும் நம் அங்கத்தினர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, அடமானம் ஒன்றும் இல்லையெனக் கண்டதுமே அச்சாரம் கொடுத்துவிடுகின்றனர். அச்சான்று அவசியமானதே. ஆயினும் அது பதிவான பத்திரங்களின் கணக்கேயன்றி, சொத்தின்மேல் உள்ள எல்லாப் பொறுப்புகளின் கணக்கும் அன்று. வரி பாக்கிக்கு எவரும் பத்திரம் எழுதிப் பதிவதில்லை. ஆகவே அது சான்றில் ஏறுவதுமில்லை.

நிலவரியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம், நிலமும், அதன்மேல் உள்ள கட்டிடமும், அதில் விளைந்த பொருளும் அரசின் வரிக்கு ஈடு என்று கூறுகிறது. தீர்வை பாக்கிக்காக நிலம் ஏலத்திற்கு வருமாயின், எல்லா வில்லங்கமும் நீங்கியதாகவே அது ஏலம் எடுத்தவரைச் சேரும். பெருந்தொகை கொடுத்து அடமானம் பிடித்தவரின் உரிமையும் சிறு தீர்வை பாக்கியின் முன் நில்லாது என்பது இதன் பொருள். சங்கம் தான் கொடுத்த கடனுக்காக மகசூலின்மேலும், தறி, நூல் முதலியவற்றின்மேலும் பெறும் முதல் பாத்தியதையும் நிலவரிக்குப் பிற்பட்டதே. கடன் மனுவோடு தீர்வை ரசீதைக் காரியதரிசி கேட்பது இதனால்தான். அதைச் சிலர் அவமதிப்பாகக் கொள்வது வேடிக்கை.

வீட்டு வரியின் நிலை சற்று வேறு. அதையும் வீட்டின்மேல் முதல் பாத்தியதையாக ஆக்குவது நகராட்சிச் சட்டங்களின் வழக்கம். ஆனால் பாக்கி இருப்பதை அறியாமல் விலை கொடுத்தவரை அது தொடருமா? அகமதாபாத்தில் ஒருவர் ஏலத்தில் எடுத்த சொத்தின்மேல், பழைய சொந்தக்காரரின் வரி பாக்கிக்காக அந்நகராட்சி உரிமை கொண்டாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. சட்டம் வெளிப்படையாக வேறு விதம் கூறினாலன்றி, அறியாமல் வாங்கியவர்மேல் இத்தகைய பாத்தியதை செல்லாதென்ற சொத்து மாற்றச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைக் கொண்டு, 1971-இல் வாங்கியவர் பக்கம் தீர்ப்பாயிற்று. இதை நம்பி எவரும் விசாரியாமல் இருந்துவிட வேண்டாம். வேண்டுமென்றே விசாரியாதவரை, அறிந்தவராகவே சட்டம் கொள்ளும்.

விற்கிறவருக்கும் கடமை உண்டு. அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, கிரய நாள்வரை உள்ள வரிகளை விற்பவரே கட்ட வேண்டும். அதற்குப் பிற்பட்டவை வாங்கியவரைச் சேரும். எனினும் பணம் பெற்றுச் சென்றவரைத் தேடி அலைவதைவிட, பாக்கியைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்வது மேல்.

மலைமேல் ஏலத்தோட்டம் வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். போடிமெட்டுக்கு அப்பால் உடும்பன்சோலை வட்டம் கேரள அரசுக்கு உட்பட்டது. பத்திரம், சொத்து அமைந்த எல்லைக்குரிய அலுவலகத்திலேயே பதிவாகும் ஆதலால், அத்தோட்டத்தின் வில்லங்கத்தைப் போடியில் தேடுதல் வீண். அங்கே பத்திரத்தை ஆதாரம் என்பர். தீர்வையைக் கரம் என்பர். பட்டா மாற்றத்தைப் போக்குவரவு என்பர். வில்லேஜ் அலுவலகத்தில் கரம் கட்டிய ரசீது யார் பெயரில் உள்ளதென்று பார்க்கவேண்டும். ஏலமலையில் அரசு குத்தகைக்கு விட்ட நிலங்களும் உண்டு. அவற்றில் விற்பவருக்கு உள்ளது குத்தகை உரிமை மாத்திரமே. காலம் எதுவரை, பாட்டம் பாக்கியுண்டா, மாற்றத்திற்கு அனுமதி உண்டா என்ற மூன்றையும் எழுத்து மூலம் அறியாமல் பணம் கொடுத்தல் ஆகாது.

கூட்டுச் சொத்தைப் பற்றியும் அடிக்கடி நம்மைக் கேட்கின்றனர். மூன்று சகோதரர்களின் கூட்டுப் பட்டாவில் ஒருவர் தம் பங்குத் தீர்வையை மட்டும் கட்டினால், நிலம் விடுபடாது. நிலத்தைக் காக்க ஒருவரே முழுவதும் கட்டினால், தம் பங்குக்கு மேற்பட்டதை மற்றவரிடம் கேட்டுப் பெறலாம். ரசீது அவர் கட்டியதைக் காட்டுமாறு இருக்கவேண்டும். ஒருவர் தம் பிரிபடாத பங்கை அடமானம் வைத்திருந்து, பிறகு நேர்மையாகப் பாகப்பிரிவினை நடந்தால், அக்கடன் அவருக்கு ஒதுக்கிய நிலத்தைத் தொடரும். மற்றவர் பாகத்தைத் தொடாது. இன்ன பாக்கியை இன்னார் கட்டுவதென்று பாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். அந்த ஏற்பாடு சகோதரர்களைக் கட்டுப்படுத்துமே தவிர, வரி வசூலிக்க வரும் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது.