கணிப்பொறித் திரையின் ஒளியும் நிறமும்: தமிழ் மாணவர் நோக்கில் ஓர் அறிமுகம்

முன்னுரை

ஏட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் நம் இலக்கியம் இடம் பெயர்ந்துள்ளது. இன்று பழைய நூலொன்றைத் தேடும் மாணவர் நூலகப் படியேறுவதற்கு முன்பே கணிப்பொறித் திரையில் அதனைக் காண்கின்றனர். திரையில் காண்பதெல்லாம் மூலத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று நம்பவும் செய்கின்றனர். அந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது? திரையின் ஒளியையும் நிறத்தையும் வெவ்வேறு இயங்குதளங்களில் சீர்செய்வது எங்ஙனம்? இவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரைக்குக் காரணமாக அமைந்தது ஒரு தவறு. அது மாணவியின் தவறன்று, என்னுடையது.

ஒரு நிகழ்ச்சி

முதுகலை மாணவியர் சிலருக்குப் பழைய அச்சுநூல் ஒன்றின் சில பக்கங்களைப் படியெடுத்து வரும் பயிற்சியைக் கொடுத்திருந்தேன். பக்கங்கள் சாம்பல் நிறப் படிமங்களாக இருந்தன. மை மங்கிய இடங்களில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மெலிந்து காணப்பட்டன. ஒரு மாணவி எழுதி வந்த படியில் இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் விடுபட்டிருந்தன. 'கண்' என்பது 'கண' என்றும், 'பொருள்' என்பது 'பொருள' என்றும் நின்றன. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் அம்மாணவி தம் மடிக்கணினியுடன் வந்தார். "ஐயா, என் திரையில் அந்தப் புள்ளிகளே இல்லை" என்றார். பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. அதே கணிப்பொறியில் லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளமும் இருந்தது. அதன் வழியே அதே பக்கத்தைத் திறந்தோம். புள்ளிகள் அனைத்தும் இருந்தன. கணிப்பொறியும் ஒன்று, திரையும் ஒன்று, படிமமும் ஒன்று. ஆயினும் ஓர் இயங்குதளம் காட்டிய புள்ளியை மற்றொன்று மறைத்தது. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். காரணத்தை அறிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின.

ஒளியும் நிறமும்

தொல்காப்பிய உரியியல் குரு, கெழு என்னும் இரு சொற்களையும் நிறப்பொருளுக்கு உரியனவாகச் சுட்டுகிறது. குரு என்னும் சொல்லுக்கு ஒளி என்னும் பொருளும் உண்டு. ஒளியின்றி நிறமில்லை என்பதை நம் சொற்களே உணர்த்துகின்றன எனலாம். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையைக் காண்போர் இதனை நாள்தோறும் உணர்வர். காலையில் கருநீலமாகத் தோன்றும் மலை, மாலை வெயிலில் பசுமையும் பழுப்புமாகத் தோன்றும். மலை மாறவில்லை, அதன்மேல் விழும் ஒளியே மாறியது.

தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையோ தானே ஒளியை வெளியிடுகிறது. இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ள திரவப் படிகத் திரையின் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. அதன் முன்னுள்ள நுண்புள்ளி ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிகட்டிகளால் ஆனது. மூன்றும் முழுமையாகத் திறந்தால் வெண்மை, மூன்றும் மூடினால் கருமை. ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. 256ஐ மும்முறை பெருக்க, 1 கோடியே 67 லட்சத்திற்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கும்.

இங்கு இரண்டு செயல்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பின்விளக்கின் ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒன்று. வடிகட்டிகளுக்குச் செல்லும் எண்களை மாற்றுவது மற்றொன்று. முன்னது விளக்குத் திரியைத் தூண்டுவது போன்றது. பின்னது எழுத்தின் மையையே மாற்றுவது போன்றது. திரியைக் குறைத்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் மங்கும். எண்களை மாற்றினால் சில படிகள் அடியோடு அழிந்துபோகும்.

புள்ளி மறைந்தது ஏன்?

மாணவியின் கணிப்பொறியில் விண்டோஸ் இயங்குதளத்தின் காட்சிக் கட்டுப்பாட்டில், திரைப்படம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று யாரோ 'கான்ட்ராஸ்ட்' என்னும் அளவை உயர்த்தி வைத்திருந்தனர். அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாளின் வெளுப்பு 230 என்னும் எண்ணிலும், மங்கிய புள்ளி 205 என்னும் எண்ணிலும் உள்ளன என்று கொள்வோம். எண்கள் 1.3 மடங்கு ஆக்கப்பட்டால் தாள் 299 ஆகும், புள்ளி 266.5 ஆகும். திரை அறிந்த பேரெண்ணோ 255 மட்டுமே. எனவே இரண்டும் 255 ஆகி, முழு வெண்மையில் ஒன்றாகிவிடும். புள்ளி தாளோடு கரைந்துவிடும். அழுத்தமான எழுத்துகள் மட்டும் வெண்மையின்மேல் எஞ்சித் தெரிவதால், பக்கம் தெளிவாக இருப்பதாகவே படிப்பவர் எண்ணுவார்.

இம்மாற்றம் திரையில் பதிந்ததன்று. விண்டோஸ் தொடங்கும்போது அதன் மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஏற்றுகின்ற கணக்கு அது. லினக்ஸ் அக்கணக்கை அறியாது. ஆகவே அங்கே புள்ளி தப்பியது. ஓர் இயங்குதளத்தில் செய்த திருத்தம் மற்றொன்றுக்குச் செல்லாது என்பதே இதனால் பெறப்படும் முதற்பாடம்.

முன்னோர் கண்ட முறை

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் தெரியாது. அதன்மேல் மஞ்சளும் விளக்குக் கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தனர். கீறலில் கருமை தங்கியது, ஓலைப்பரப்பு வெளிறி நின்றது. திண்ணைப் பள்ளிகளில் இது மையாடல் என்னும் சடங்காகவே நிகழ்ந்தது. எழுத்துக்கும் பரப்புக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கும் கலையே அது. ஆயினும் மையாடல் இருக்கும் கீறலை விளக்கியது, இல்லாததாக்கவில்லை. திரையைச் சீர்செய்வோரும் இதே எல்லையைப் போற்ற வேண்டும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பற்றிப் பெருநூல் எழுதிய இப்னுல் ஹைதம் அவர்கள், வலிய ஒளி மெலிய ஒளியைக் காணவொட்டாமல் தடுக்கும் என்பதை விளக்கினார். பகலில் விண்மீன்கள் தெரியாமைக்குக் காரணம் அதுவே. சன்னல் ஒளி விழும் திரைக்கும் இது பொருந்தும். திரையின் வெண்மை 250 அலகும் கருமை 1 அலகும் ஆனால் இரண்டிற்கும் உள்ள விகிதம் 250 மடங்கு. அறையின் ஒளி 10 அலகு திரைமேல் பட்டுத் திரும்பினால் 260க்கு 11 என்றாகி, விகிதம் ஏறத்தாழ 24 மடங்காகச் சுருங்கும். மின்கலத்தைச் சேமிக்கத் திரையொளியை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் 60க்கு ஏறத்தாழ 10 என்றாகி, வெறும் 6 மடங்கே எஞ்சும். பிற்பகலில் மேற்குச் சன்னலருகே அமர்ந்து படிப்போர் கண் களைப்பதற்குக் காரணம் இதுவே.

இயங்குதளங்கள் வேறுபடுவது ஏன்?

திரையின் நடு எண்ணாகிய 128, நடு ஒளியைத் தருவதில்லை. எண்ணுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைக் காமா என்பர். காமா 2.2 ஆயின் 128 என்னும் எண் முழு ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டைத் தரும். காமா 1.8 ஆயின் 29 விழுக்காட்டைத் தரும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகள் நெடுங்காலம் 1.8ஐயே கொண்டிருந்தன. 2009இல் வெளிவந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பில்தான் 2.2க்கு மாறின. அக்காலத்தில் ஒரே படம் மேக்கில் வெளிறியும் விண்டோஸில் கருத்தும் தோன்றியது இதனாலேயே.

இவ்வேறுபாடுகளைக் களையும் பொருட்டு 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவின. ஒவ்வொரு திரையின் நிற இயல்பையும் குறித்து வைக்கும் 'புரொஃபைல்' என்னும் கோப்பு அக்கூட்டமைப்பின் கொடை. 1996இல் ஹெவ்லட் பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிறவெளியை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. இன்று ஐயம் எழும்போதெல்லாம் எஸ்ஆர்ஜிபி என்னும் புரொஃபைலைத் தேர்வது பெரும்பாலும் பிழையாகாது.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இப்பொருள் நெருக்கமானது. 2011இல் தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் நம் ஊர் வீடுகளுக்கு வந்தது அவ்வாறுதான்.

சீர்செய்யும் முறை

பொதுவாகச் செய்ய வேண்டியவை: முதலில் சன்னலுக்கு நேர் எதிராகவோ அதற்கு முதுகு காட்டியோ அமராமல், அது பக்கவாட்டில் இருக்குமாறு அமர்க. தனித்திரையாயின் அதன் பொத்தான்கள் வழியே ஆலை அளவுகளுக்கு மீட்டமைத்து, நிறவெப்பத்தை 6500 கெல்வினில் வைக்க. பின்னர் வெற்றுப் பக்கமொன்றைத் திரையில் திறந்து, அதன் அருகே வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்க. திரை விளக்குப் போல் ஒளிர்ந்தால் ஒளியைக் குறைக்க. சாம்பல் போல் மங்கினால் கூட்டுக. இரண்டும் ஒத்துத் தோன்றுவதே கண்ணுக்கு ஏற்ற நிலை.

விண்டோஸ் 10, 11: 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதனுள் 'டிஸ்ப்ளே' என்று செல்க. மடிக்கணினியின் ஒளியளவு அங்கே உள்ளது. தனியே இணைத்த திரைக்கு இது பெரும்பாலும் தோன்றாது, அதன் பொத்தான்களையே நாட வேண்டும். 2017இல் சேர்க்கப்பட்ட 'நைட் லைட்' நீல ஒளியைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். படிமங்களை ஆராயும்போது அதனை நிறுத்தி வைக்க. தேடுமிடத்தில் டி, சி, சி, டபிள்யூ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், விண்டோஸ் 7 முதல் உள்ள நிறச்சீர்மைக் கருவி திறக்கும். அது காமா, ஒளி, கான்ட்ராஸ்ட், நிறச்சமன் ஆகியவற்றைப் படிப்படியாகச் சரிசெய்யும். காட்சி அட்டைக்குரிய தனிக் கட்டுப்பாட்டுப் பலகை இருப்பின், அதில் உயர்த்தப்பட்ட அளவுகளை முதலிலேயே மீட்டமைக்க.

மேக்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியில் 'டிஸ்ப்ளேஸ்' என்பதைத் திறக்க. ஒளியளவும் நிறப் புரொஃபைலும் அங்கே உள்ளன. அறை ஒளிக்கேற்ப நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்', இரவில் மஞ்சளாக்கும் 'நைட் ஷிஃப்ட்' ஆகிய இரண்டையும் ஆய்வு வேளையில் நிறுத்துக.

லினக்ஸ்: நோம் முகப்பு உடையவற்றில் 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே 'நைட் லைட்' வசதியும், 'கலர்' என்னும் தலைப்பில் புரொஃபைல் வசதியும் உள்ளன. சிலர் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையால் ஒளியைக் குறைப்பர். அது பின்விளக்கைத் தொடுவதில்லை, எண்களையே குறைக்கிறது. 0.7 என்று கொடுத்தால் 256 படிகள் ஏறத்தாழ 179 ஆகச் சுருங்கும். மின்கலமும் மிச்சமாகாது, நுண்படிகளும் இழக்கப்படும். மடிக்கணினியின் ஒளி விசைகளைப் பயன்படுத்துவதே முறை.

சோதனை: வெளுப்பில் 255, 250, 245, 240 என்றும், கருமையில் 0, 5, 10, 15 என்றும் பட்டைகள் வரைந்த படமொன்றை உருவாக்கி ஒவ்வோர் இயங்குதளத்திலும் திறக்க. பட்டைகள் தனித்தனியே தெரிந்தால் திரை நம்பத்தக்கது. வெண்பட்டைகள் ஒன்றாகிவிட்டால், மங்கிய புள்ளிகளும் அவ்வாறே மறைகின்றன என்று அறிக.

தமிழாய்வுக்குப் பயன்

மதுரைத் திட்டம் 1998 முதல் வழங்கி வரும் நூல்கள் தட்டெழுதிய பாடங்கள். அவற்றில் எழுத்து எத்திரையிலும் குன்றாது. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலிய களஞ்சியங்களில் கிடைக்கும் பழைய அச்சுநூல்களும் சுவடிகளும் படிமங்களாகவே உள்ளன. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இடப்படுவதில்லை. ஆதலின் அங்கே ஒரு கீறலும் பொருளுடையது. பழைய அரபுச் சுவடிகளில் உயிரொலிகளைக் காட்டச் செந்நிறப் புள்ளிகள் இடப்பட்டதுண்டு. மஞ்சள் படர்ந்த திரையில் செம்மையும் பழுப்பும் மயங்கும். அச்சுக்குச் செல்லும் மலர் அட்டையின் நிறத்தைத் திரையை மட்டும் நம்பி முடிவு செய்வோரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரை ஒரு சன்னலன்று, ஓர் உரையாசிரியர் என்பது புலனாகும். உரையாசிரியர் மூலத்தை விளக்கலாம், சில இடங்களில் மறைக்கவும் கூடும். ஆகவே படிமத்திலிருந்து படியெடுக்கும் மாணவர் தம் திரையை முதலில் சோதித்து, ஐயமுள்ள இடத்தை மற்றொரு திரையிலோ மற்றோர் இயங்குதளத்திலோ ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பின்னரே பாடத்தை உறுதி செய்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. மாணவர் விட்ட புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிடுவதற்கு முன், அப்புள்ளி அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுதல் நலம். அம்மாணவியின் விடைத்தாளுக்குப் பின்னர் நான் கேட்கத் தவறுவதில்லை.