வெப்பத்தில் தளராத மரையாணி

அனல் மின் நிலையத்தின் நீராவி டர்பைன் உறை பொதுவாக மேல் பாதி, கீழ்ப் பாதி என இரு துண்டுகளாக வார்க்கப்பட்டு, நடுவே கிடைமட்டமாக இணைக்கப்படுகிறது. நம் நாட்டு மின் நிலையங்களில் நெடுங்காலமாக இயங்கும் 210 மெகாவாட் டர்பைன்களில் நீராவி ஏறக்குறைய 535 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், சதுர சென்டிமீட்டருக்கு 130 முதல் 150 கிலோகிராம் வரையான அழுத்தத்துடன் நுழைகிறது. அந்த அழுத்தம் இரு பாதிகளையும் பிரித்தெறிய ஓயாது முயல்கிறது. அவற்றை இறுகப் பிடித்திருப்பவை, போல்ட் எனத் தொழிலகங்களில் வழங்கும் மரையாணிகளே. பல கோடி ரூபாய் பெறுமான இயந்திரத்தில் இவற்றின் விலை சிறு பகுதிதான். ஆனால் இவை தளர்ந்தால் இயந்திரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இறுக்கிய மரையாணி உண்மையில் ஒரு வில் போன்றது. நட்டைத் திருகும்போது ஆணி சற்றே நீள்கிறது; பழைய நீளத்துக்குத் திரும்ப அது முயல்வதே பிடிமானமாகிறது. டர்பைன் ஆணிகளை அவற்றின் நீளத்தில் 0.15 விழுக்காடு அளவுக்கு நீட்டி இறுக்குவது பரவலான வழக்கம். அதாவது 600 மில்லிமீட்டர் நீளமுள்ள ஆணி 0.9 மில்லிமீட்டர் நீள வேண்டும். இதனால் ஆணியில் உண்டாகும் தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 300 நியூட்டன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த நீட்சியை நம்பியே இணைப்பு முழுவதும் நிற்கிறது.

குளிர்ந்த நிலையில் இந்த நீட்சி எத்தனை ஆண்டுகளானாலும் குறையாது. உயர் வெப்பத்தில் நிலைமை வேறு. உலோகம் மெல்ல மெல்ல ஊர்கிறது. மீளக்கூடிய நீட்சி, மீளாத நிலையான நீட்சியாக மாறுகிறது. ஆணியின் நீளத்தில் மாற்றம் தெரியாது. நட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வில்லின் விசை போய்விடும். இதனைத் தகைவுத் தளர்வு என்பர். பிடிமானம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் நீராவி இணைப்பின் வழியே கசிந்து, விளிம்பின் பரப்பையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். பின்னர் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த எஃகு ஆணிகள் ஏறத்தாழ 540 டிகிரி வரை இப்பணிக்குப் போதுமானவை. அதற்கு மேல் அவை விரைந்து தளர்கின்றன. அங்கேதான் நிக்கல் கலப்பு உலோகத்தின் தேவை எழுகிறது.

நிக்கல் ஏன்?

நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரும்போ 1,538 டிகிரியில்தான் உருகும். எனவே உருகுநிலை உயர்வு இதற்குக் காரணமன்று. இரும்பின் படிக அமைப்பு 912 டிகிரியில் மாறுகிறது. நிக்கலின் நெருக்கமான படிக அமைப்போ உருகும் வரை மாறுவதில்லை. மேலும் நிக்கலுடன் சிறிதளவு அலுமினியமும் டைட்டேனியமும் சேர்த்துத் தக்கவாறு வெப்பப் பதப்படுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்கள் உலோகம் முழுவதும் பரவி நின்று ஊர்வைத் தடுக்கின்றன. ஏறக்குறைய 20 விழுக்காடு குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, உலோகம் எரிந்து போகாமல் காக்கிறது.

இவ்வகையில் புகழ்பெற்ற நிமோனிக் 80ஏ, 1940-களில் பிரிட்டனில் ஜெட் விமான எஞ்சின்களின் தேவைக்காக உருவான குடும்பத்தைச் சேர்ந்தது; பின்னரே மரையாணித் தொழிலுக்கு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான இன்கோனெல் 718, நையோபியத்தால் வலிமை பெறுகிறது. அதன் வலிமை மிகப் பெரிது. ஆனால் 650 டிகிரிக்கு மேல் அந்த நுண்துகள்கள் வேறு வடிவம் கொள்வதால் வலிமை சரிகிறது. விலை உயர்ந்த உலோகம் எல்லா வெப்பநிலைக்கும் ஏற்றது என்று எண்ணுவது கொள்முதல் பிரிவுகளில் காணப்படும் தவறான கருத்தாகும்.

விரிவும் சுருக்கமும்

ஆணியை மட்டும் மாற்றி, அது பிடிக்கும் உறையை மறந்துவிடுவது இன்னொரு தவறு. 12 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகைக் காட்டிலும் நிமோனிக் ஆணி, ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 2 மைக்ரான் மிகுதியாக விரிகிறது. வெப்பநிலை 500 டிகிரி உயரும்போது, மேற்சொன்ன 600 மில்லிமீட்டர் ஆணியில் இந்த வேறுபாடு 0.6 மில்லிமீட்டராகிறது. இறுக்கியது 0.9 மில்லிமீட்டர், மீதி நிற்பது 0.3 மட்டுமே. ஊர்வு தொடங்கும் முன்னரே மூன்றில் இரண்டு பங்கு பிடிமானம் போய்விட்டது! ஆஸ்டெனைட் வகைத் துருவேறா எஃகு உறையில் இதற்கு நேர்மாறாக நிகழும். உறை மிகுதியாக விரிந்து ஆணியை அளவுக்கு மீறி இழுக்கும்.

நிமோனிக் 80ஏ ஆணியிடம் ஒரு விந்தையான குணமும் உண்டு. 450 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் பல்லாயிரம் மணி நேரம் இருந்தால், நிக்கல், குரோமிய அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்து, உலோகம் தானாகவே சற்றுச் சுருங்குகிறது. தளர வேண்டிய ஆணி மேலும் மேலும் இறுகுகிறது. இதை அறியாமல் ஒவ்வொரு பெரிய பராமரிப்பின்போதும் வழக்கமான அளவுக்கு மீண்டும் நீட்டினால், ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். ஆகவே கழற்றிய ஒவ்வோர் ஆணியின் நீளத்தையும் அளந்து பதிவேட்டில் குறிப்பது இன்றியமையாதது. மீண்டும் வெப்பப் பதப்படுத்தினால் அந்த ஒழுங்கு கலைந்து நீளம் திரும்பும்.

இறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பெரிய ஆணிகளின் நடுவே நீளவாக்கில் துளை இருக்கும். அதில் மின் சூடேற்றியைச் செருகி, ஆணி விரிந்தபின் நட்டைக் கணக்கிட்ட கோணத்துக்குத் திருப்புவர். ஆறியதும் அதே துளையின் வழியே நீட்சியை அளந்து சரிபார்ப்பர். மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமலிருக்கப் பூசும் பசையில் கந்தகம் இருத்தல் ஆகாது. நிக்கலும் அதன் சல்பைடும் சேர்ந்த கலவை 640 டிகிரி அளவிலேயே உருகிவிடும். 321 டிகிரியில் உருகும் காட்மியமோ, 419 டிகிரியில் உருகும் துத்தநாகமோ பூசிய நட்டுகளும் இங்கு ஆகா.

நம் நாட்டு நிலை

இக்கலப்பு உலோகங்களைக் காற்றில் உருக்குவது உகந்ததன்று. டைட்டேனியமும் அலுமினியமும் காற்றோடு கலந்து வீணாகும். உயர்ந்த தரத்துக்கு வெற்றிடத்தில் உருக்கி, மறுமுறையும் உருக்கித் தூய்மை செய்வது வழக்கம். 1973-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனம் இத்திறனை நாட்டுக்கு அளித்தது. 'சூப்பர்னி' என்ற பெயரில் 80ஏ, 718 ஆகியவற்றுக்கு இணையான உலோகங்களை அது தயாரிக்கிறது. எனினும் மூலப்பொருளான நிக்கலுக்கு நாடு இறக்குமதியையே பெரிதும் நம்பியுள்ளது. ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் குரோமியத் தாதுவின் மேல்மண்ணில் நிக்கல் இருந்தும், அதன் செறிவு குறைவு, பிரித்தெடுப்பது கடினம். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கிய கனிமங்களின் பட்டியலில் நிக்கலும் இடம்பெற்றது இதனாலேயே. 2016-இல் ஒப்புதல் பெற்ற, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், பாரத மிகுமின் நிறுவனம், தேசிய அனல் மின் கழகம் ஆகியவற்றின் கூட்டு ஆய்வுத் திட்டம் 700 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியை இலக்காகக் கொண்டது. அந்த வெப்பத்தில் வழக்கமான எஃகு ஆணிகளுக்கு இடமே இல்லை.

பண்டகசாலையில் எஃகு ஆணியும் நிக்கல் ஆணியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காந்தம் ஒட்டினால் அது 80ஏ அன்று எனத் துணியலாம். ஒட்டாவிட்டால் அது நிக்கல்தான் என்று முடிவு செய்ய இயலாது, துருவேறா எஃகிலும் காந்தம் ஒட்டாத வகைகள் உண்டு. ஆகையால் ஆணியின் தலையில் பொறித்த உருக்கு எண்ணைச் சோதனைச் சான்றிதழுடன் ஒப்பிட்டு, கையடக்க எக்ஸ்ரே கருவியால் உலோகக் கலவையையும் சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப்புள்ளியிலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், மிகக் குறைந்த விலை கேட்டவரின் பொருளை ஏற்பதில் பின்னர் தகராறு எழாது.