சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்பது: முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. தி.நகரை உருவாக்குவதற்காக 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துவிட்டார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையிலும் அடையாற்று வெள்ளத்திலும் இந்தப் பகுதியின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேஜைக்கு அடியில் தரையோடு வைத்திருந்த சிபியூக்கள்தான் முதலில் நனைந்தன. தப்பித்த கம்ப்யூட்டர்களும் புது லேப்டாப் வந்ததும் பரணேறிவிட்டன. கல்யாண ஆல்பம், ஆடிட்டருக்குக் கொடுத்த டேலி கணக்கு, அப்பா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு என எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

அந்தப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, "போட்டுத்தான் பார்ப்போமே" என்று ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பழுதான டிஸ்கிற்கு மிச்சமிருப்பது சில மணி நேர ஓட்டமாக இருக்கலாம். அந்த நேரம் முழுவதும் நகல் எடுக்க மட்டுமே செலவாக வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

கண்ணாடிபோல் பளபளக்கும் காந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை, அதாவது ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசித் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. வீட்டு மேஜையில் மூடியைத் திறந்தால் டிஸ்கின் கதை அங்கேயே முடிந்துவிடலாம். யூடியூபில் யாரோ திறந்து காட்டுகிறார் என்பதற்காகத் திறக்காதீர்கள்.

சத்தத்தைக் கேளுங்கள்

மின்சாரம் கொடுத்ததும் சீராகச் சுழலும் ஓசை மட்டும் வந்தால் வீட்டிலேயே முயலலாம். 'டக், டக்' என்று தாளம்போல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஹெட் பழுது. உடனே அணையுங்கள். மெல்லிய 'பீப்' அல்லது முனகல் கேட்டால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். அதற்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது. எந்த ஓசையும் இல்லை என்றால் முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். பல டிஸ்குகள் செத்ததாகத் தோன்றுவது அடாப்டர் செத்ததால்தான்.

அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி, அடியில் உள்ள சர்க்யூட் பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்வார்கள். மிகப் பழைய டிஸ்குகளில் அது பலித்ததுண்டு. பிற்காலத்து டிஸ்குகளில் அந்தக் குறிப்பிட்ட டிஸ்கிற்கான அளவீடுகள் பலகையின் சிப்பில் இருக்கும். அதையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர்தான் கை வைக்கலாம்.

ஃப்ரீசரில் வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் வெளியே எடுத்த மறுகணம் டிஸ்க் வியர்க்கும். அந்த நீர் உள்ளேயும் படியும்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்

சாதாரண ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்து மூடப்பட்டதல்ல. காற்றழுத்தம் சமமாக ஒரு சிறு துளை உண்டு, அதை மூடாதே என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வெள்ளநீர் சேற்றோடு அந்த வழியே உள்ளே போயிருக்கலாம். எனவே நனைந்த டிஸ்கிற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெயிலில் காயவைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும், அரிசி டப்பாவில் புதைப்பதும் கெடுதல். காய்ந்தால் சேறு தட்டில் படிந்து இறுகிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி, நிபுணரிடம் சேர்ப்பதே சரி.

வாங்க வேண்டியவை

சுமார் 2005க்கு முந்தைய டிஸ்கில் பெரும்பாலும் 40 முள் கொண்ட அகலமான ஐடிஇ இணைப்பு இருக்கும். பிந்தையவற்றில் மெல்லிய சாட்டா. இரண்டுக்கும் பொருந்தும் யூஎஸ்பி கன்வெர்ட்டரை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் தருவார்கள். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்கிற்கு 12 வோல்ட் தேவை, யூஎஸ்பி போர்ட் அதைத் தராது. ஆகவே தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்கிற்கு யூஎஸ்பியின் 5 வோல்ட் பொதுவாகப் போதும்.

பழைய டிஸ்கைவிடக் கொள்ளளவு கூடிய ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. ஒரு யுபிஎஸ், ஒரு டேபிள் ஃபேன். டிஸ்க் அதிகம் சூடேறினால் பழுது முற்றலாம், ஆகவே ஃபேன் காற்று அதன் மேல் நேராகப் பட வேண்டும்.

விண்டோஸை நம்பாதீர்கள்

பழுதான டிஸ்கை விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்றோ "பிழை திருத்தவா?" என்றோ கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் டிஸ்கின் மேலேயே எழுதித் திருத்தும், நாளை கிடைக்க வேண்டிய கோப்பு இன்று காணாமல் போகலாம். கோப்புகளை இழுத்து நகலெடுப்பதும் ஆபத்து. ஒரு கெட்ட இடத்தில் சிக்கி அதையே மீண்டும் மீண்டும் படிக்க முயன்று ஹெட்டைத் தேய்த்துவிடும்.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை அதிலிருந்து தொடங்குங்கள். தேவையான கருவிகள் எல்லாம் அதிலேயே உண்டு. முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்கவும். வரிசை எண் 5, 197, 198 ஆகியவற்றின் கச்சா மதிப்பு பூஜ்யமாக இல்லையென்றால் தட்டில் கெட்ட செக்டர்கள் உள்ளன. இந்த அறிக்கையைப் பார்த்தபின் மற்ற சோதனைகளுக்கு நேரம் செலவிட வேண்டாம்.

முழு நகல்: இந்த வழிகாட்டியின் உயிர்

இதற்கான கருவி குனூ டிடிரெஸ்க்யூ. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றை முயலும். எதைப் படித்தோம், எது பாக்கி என்று மேப் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். மின்சாரம் போனாலும் அந்தக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைப் புது டிஸ்கிலேயே சேமியுங்கள்.

கட்டளையில் மூன்றைக் கொடுக்க வேண்டும்: முதலில் பழைய டிஸ்க், இரண்டாவதாக நகல் கோப்பின் பெயர், மூன்றாவதாக மேப் கோப்பின் பெயர். எந்த டிஸ்க் எது என்பதை அளவையும் மாடல் எண்ணையும் பார்த்து, ஒரு தாளில் எழுதிவைத்து, வீட்டில் இன்னொருவரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில் தலைகீழாகப் போட்டால் மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைச் சுரண்டாத தேர்வோடு ஓட்டுங்கள். அது முடிந்தபின் இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்று மறுமுயற்சிகள் கொடுத்தால் போதும்.

நல்ல நிலையிலுள்ள 500 ஜிபி டிஸ்கிற்கு யூஎஸ்பி 2 இணைப்பில் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நலிந்ததற்கு நாள்கணக்காகலாம். நடுவே 'டக், டக்' கேட்டால் நிறுத்திவிட்டு நிபுணரிடம் போங்கள்.

நகலிலிருந்து கோப்புகளை எடுப்பது

இனி பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிடலாம், வேலை முழுவதும் நகலில்தான். விண்டோஸில் செவன்-ஜிப் மூலமே பல நகல்களைத் திறந்து ஃபோல்டர்களைப் பார்க்க முடியும். திறக்கவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், காணாமல்போன பார்ட்டிஷனைத் தேடித் தரும். அதுவும் கைவிட்டால் ஃபோட்டோரெக். இது கோப்பின் அமைப்பைப் பார்த்தே படங்களையும் ஆவணங்களையும் பிரித்தெடுக்கும், ஆனால் பழைய பெயர்கள் வராது. ஆயிரக்கணக்கான பெயரற்ற படங்களைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்க் கோப்பு கிறுக்கலாகத் தெரிந்தால்

இதை ஆங்கில வழிகாட்டிகள் சொல்லாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோப்பு நல்லபடியாக மீண்டிருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக இருக்கும். கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோட் 1991லிருந்தே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தாலும், 2000களின் நடுப்பகுதிவரை நம் வீடுகளிலும் டிடிபி கடைகளிலும் ஓடியவை பாமினி, டிஸ்கி, டாம், டாப், வானவில் போன்ற தனித்தனி எழுத்துரு முறைகள். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் தரமாயின.

எனவே ஆவணங்களோடு பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துருவை நிறுவினால் கடிதம் பழையபடி தெரியும். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். டேலி வைத்திருந்தவர்கள் டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள், தனித்தனிக் கோப்பு உதவாது.

நிபுணரிடம் கொடுக்கும்போது

ஹெட் மாற்றுவதற்குத் தூசியற்ற அறை வேண்டும். அந்த வசதி உண்டா, டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள், உதிரி பாகத்துக்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். எந்த ஃபோல்டர் முக்கியம் என்று பட்டியல் கொடுங்கள். இதுவரை நீங்கள் என்ன முயன்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கவுன்ட்டரிலேயே ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரிடம் டிஸ்கை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

மீட்ட பிறகு

இரண்டு நகல் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். தரைத்தளத்தில் இருப்பவர்கள் டிஸ்கை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பழைய டிஸ்கைக் காயலான் கடைக்குப் போட அவசரம் வேண்டாம். மீட்டவை எல்லாம் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபின், தட்டுகள்வரை டிரில்லால் துளையிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதில் உங்கள் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் இன்னும் இருக்கலாம்.